எங்க சபைக்கு ஒரு செக்கப்: ஒரு வருஷம் கழிச்சு எழுதற ரிவ்யூ

சபையோட ஆவிக்குரிய நிலைமை எப்படி இருக்குன்னு ஆய்வு பண்ணி, அதுக்கப்புறம் ஒரு வருஷம் கூடவே இருந்து வழிநடத்தற ஒரு குழுவ போன வருஷம் கூப்பிட்டிருந்தோம். மூணு பேர் இருக்கற சின்ன டீம், ரெண்டு பேர் முன்னாடி போதகரா ஊழியம் செஞ்சவங்க, ஒருத்தங்க கவுன்சிலிங் படிச்ச சிஸ்டர். பேர் இங்க போடல, ஏன்னா குறையும் சொல்லப் போறேன், அது அவங்கள சங்கடப்படுத்தக் கூடாது. இந்த மாதிரி சேவைய நிறைய பேர் செய்யறாங்க, நீங்க யார கூப்பிட்டாலும் எதப் பாக்கணும் எத முன்னாடியே கேட்டு வாங்கணும்னு தெரிஞ்சா உபயோகமா இருக்கும்னுதான் எழுதறேன். நான் சபை செயலாளர், ஆறு வருஷமா வருகைப் பதிவேடு என் கையிலதான் இருந்துச்சு, அதப் பத்தி கீழ வரும். மார்க் கேட்டா 5க்கு 4 குடுப்பேன்.

முதல்ல ஏன் கூப்பிட்டோம். வெளிய இருந்து பாத்தா எங்க சபைக்கு ஒரு குறையும் கிடையாது. ஞாயித்துக்கிழம இடம் நிரம்பும், பாடகர் குழு நல்லா பாடும், வாரத்துல மூணு கூட்டம், மாசத்துக்கு ஒரு உபவாச ஜெபம், வாலிபர் முகாம் எல்லாம் நடக்கும். ஆனா ஒரு கமிட்டி மீட்டிங் முடிஞ்சு எல்லாரும் எழுந்து போறப்ப எங்க பாஸ்டர் உக்காந்தே இருந்தாரு, "எல்லாம் நடக்குது, ஆனா யாரும் மாறறதில்ல, நான் உட்பட"ன்னு சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைதான் ஆரம்பம்.

வெளிப்படுத்தின விசேஷம் 2, 3 அதிகாரத்துல ஏழு சபைக்கு கடிதம் வருது இல்லையா, அத அந்த வாரம் பூரா திரும்பத் திரும்ப படிச்சேன். எபேசு சபைய பாருங்க, கிரியை இருக்கு, பிரயாசம் இருக்கு, பொறுமை இருக்கு, கள்ள அப்போஸ்தலர சோதிச்சு கண்டுபிடிக்கற தெளிவு கூட இருக்கு, ஆனா அவங்ககிட்டதான் ஆதியில கொண்டிருந்த அன்ப விட்டாய்னு ஆண்டவர் சொல்றாரு. சர்தைக்கு உயிரோட இருக்கறதா பேர் இருக்கு, ஆனா செத்துக் கிடக்கு. ஏழுல ஒரு குறையும் சொல்லப்படாதது ரெண்டே ரெண்டு சபைதான், சிமிர்னாவும் பிலதெல்பியாவும், அதுல ஒண்ணு தரித்திரத்துல இருக்கு, இன்னொண்ணுக்கு கொஞ்சம் பெலன்தான் இருக்கு. நம்ம கண்ணுக்கு நல்லா தெரியறதும் அவர் கண்ணுக்கு நல்லா தெரியறதும் வேற வேறயா இருக்கலாம்ங்கற பயம் வந்துடுச்சு. அப்பதான் வெளிய இருந்து யாராவது வந்து பாக்கட்டும்னு முடிவு பண்ணோம்.

டீம் வர்றதுக்கு முன்னாடியே ஒரு காகிதத்துல பாஸ்டர்கிட்டயும் கமிட்டிகிட்டயும் கையெழுத்து வாங்கினாங்க. யார் என்ன சொன்னாங்கன்னு நாங்க கேக்கக் கூடாது, யாரையும் சந்தேகப்பட்டு கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது, அறிக்கைய கமிட்டிக்குள்ளயே வச்சு மூடிடாம முழு சபைக்கும் வாசிக்கணும், இதெல்லாம் அதுல இருந்துச்சு. இதுல கையெழுத்து போட மாட்டேன்னா நாங்க வரலன்னு நேரடியா சொன்னாங்க. கமிட்டில ஒருத்தர் ரெண்டு நாள் யோசிச்சுதான் போட்டாரு. நீங்க இந்த மாதிரி யாரையாவது கூப்பிடறதா இருந்தா முதல்ல பாக்க வேண்டியது இதத்தான், இந்த நிபந்தனைய கேக்காத குழுவ கூப்பிடாதீங்க. கூப்பிடறவங்களே தலைவர்கள்தான், பிரச்சனை தலைவர்கள்கிட்ட இருந்தா அத எப்படி வெளிய கொண்டு வருவாங்க, அதுக்கு இது ஒண்ணுதான் பாதுகாப்பு.

அடுத்து படிவம். 90 கேள்வி, 1ல இருந்து 5 வரைக்கும் மார்க் போடணும். எனக்கு பிடிக்காத பகுதி இதுதான். கேள்வி எல்லாம் வேற மொழில யோசிச்சு தமிழ்ல எழுதினது மாதிரி இருக்கு. "என் ஆவிக்குரிய பயணத்தில் நான் திருப்தியாக இருக்கிறேன்"னு ஒரு கேள்வி. எங்க சபைல வயசான ஒரு பாட்டிக்கு நான் பக்கத்துல உக்காந்து வாசிச்சு காமிச்சேன், அவங்க கண்ணாடிய கழட்டி வச்சுட்டு என்னப் பாத்து, "ஏன் தம்பி, திருப்தியா இருக்கேன்னு சொன்னா நான் வளராம நின்னுட்டேன்னு அர்த்தம் ஆகாதா, திருப்தி இல்லன்னு சொன்னா தேவன் குறை வச்சுட்டாருன்னு ஆகாதா"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் சொல்ல தெரியல. கடைசில அந்த கேள்விய அப்படியே விட்டுட்டோம். எழுதப் படிக்க சிரமப்படறவங்களுக்கு தனியா ஒரு ஏற்பாடு அவங்க செஞ்சிருக்கணும், நான் போய் உக்காந்ததுனால அவங்க பதில் எனக்கு தெரிஞ்சு போச்சு, அது ரகசியம்ங்கற பேச்சுக்கே விரோதம்.

இன்னொரு ரகசிய பிரச்சனை, படிவத்துல பேர் கேக்கல, ஆனா வயசு, ஆணா பெண்ணா, எந்த ஊழியத்துல இருக்கீங்க, எத்தன வருஷமா சபைக்கு வர்றீங்கன்னு கேட்டிருந்தாங்க. எங்க சபைல சண்டே ஸ்கூல்ல பாடம் எடுக்கற ஆண் ஒரே ஒருத்தர்தான், அப்பறம் பேர் எதுக்கு. சின்ன சபைக்கு இந்த விவரம் எல்லாம் வேண்டாம்னு சொல்லி எடுக்க வச்சிடுங்க.

ஆனா படிவத்துக்கு பின்னாடி இருக்கற யோசனை நல்ல யோசனைதான். கிறிஸ்டியான் ஷ்வார்ட்ஸ்னு ஜெர்மனிக்காரர் ஒருத்தர் 1990கள்ல 32 நாட்டுல 1000 சபைக்கு மேல ஆய்வு பண்ணி, ஆரோக்கியமான சபைக்கு எட்டு குணம் இருக்குன்னு சொன்னாரு, அதுல எது ரொம்ப கீழ இருக்கோ அதுதான் சபையோட வளர்ச்சிய தடுக்குதுன்னு ஒரு மர பீப்பாய வரைஞ்சு விளக்கினாரு. பலகை எல்லாம் உயரமா இருந்தாலும் ஒரு பலகை குட்டையா இருந்தா தண்ணி அந்த உயரத்துக்கு மேல நிக்காது. இந்த டீமும் இத சொல்லித்தான் ஆரம்பிச்சாங்க. எங்களுக்கு எது குட்டை பலகைன்னா, ஜெபம் இல்ல, பிரசங்கம் இல்ல, ஒருத்தருக்கொருத்தர் இருக்கற உறவு. அது வந்தப்ப பாதி பேர் நம்பல, நம்ம சபைதான் குடும்பம் மாதிரி ஆச்சேன்னாங்க. அடுத்த ரெண்டு நாள் அத நம்ப வச்சுது.

அந்த ரெண்டு நாள்தான் இந்த சேவைல உண்மையான பகுதி, மத்தது எல்லாம் இதுக்கு வழி விடறதுதான். ஏழெட்டு பேரா வட்டமா உக்கார வைப்பாங்க, பாஸ்டர் எந்த வட்டத்துலயும் இருக்க மாட்டாரு. வாலிபர்களுக்கு தனி, வயசானவங்களுக்கு தனி. விதி ஒண்ணே ஒண்ணு, ஒருத்தர் பேசி முடிச்சதும் யாரும் பதில் சொல்லக் கூடாது, ஆறுதல் வசனம் கூட சொல்லக் கூடாது, கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு அடுத்தவர் பேசணும். நம்ம ஆளுங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல, யாராவது அழுதா உடனே ஒரு வசனத்த எடுத்து கையில குடுத்துடுவோம், அழுகைய நிறுத்தறதுக்கு.

நான் இருந்த வட்டத்துல ஒரு அம்மா, பின்னாடி இருந்து மூணாவது வரிசைல ஓரமா எப்பவும் உக்காருவாங்க. அவங்க முறை வந்ததும் முந்தானைய விரல்ல சுத்திக்கிட்டே சொன்னாங்க, "அவர் போனதுக்கப்பறம் ஏழு வாரம் நான் வரல. வர முடியல. பக்கத்துல அவர் உக்கார்ற இடம் காலியா இருக்கும்ல. அடக்கத்துக்கு எல்லாரும் வந்தீங்க, அதுக்கப்பறம் யாரும் வரல, ஒரு போன் இல்ல. எட்டாவது வாரம் வந்தேன், எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னீங்க, நான் வராம இருந்ததே யாருக்கும் தெரியலன்னு அப்பதான் புரிஞ்சுது." அவ்வளவுதான். கோவமா கூட சொல்லல. விதிப்படி யாரும் பதில் சொல்லல.

அன்னைக்கு ராத்திரி நான் ஆபீஸ் ரூம்ல போய் பதிவேட எடுத்து அந்த வாரங்கள தேடித் திருப்பினேன். அந்த அம்மா பேருக்கு நேரா ஏழு வாரமும் டிக் இருந்துச்சு. என் கையெழுத்து, என் பச்சை பேனா. நான் வேணும்னு பொய் எழுதல, வாராவாரம் வர்றவங்க பேருக்கு ஆராதனை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மொத்தமா டிக் போட்டுட்டு புதுசா வந்தவங்கள மட்டும் எண்ணுவேன், ஆறு வருஷமா அப்படித்தான். அந்த ஏழு வாரமும் அவங்க வீட்டுல கதவ சாத்திக்கிட்டு தனியா உக்காந்திருந்தாங்க, எங்க புத்தகத்துல அவங்க பிரசன்னமா இருந்தாங்க. மறுநாள் காலைல வட்டத்துல என் முறை வந்தப்ப அந்தப் பக்கத்த காட்டி சொன்னேன், அந்த அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டேன். அவங்க அந்த டிக்க விரலால தொட்டுப் பாத்தாங்க, "பரவால்லப்பா"ன்னாங்க. பரவால்லதான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தோணல.

எபிரெயர் 10:25 எல்லாருக்கும் மனப்பாடம், சபை கூடிவருதல விட்டுவிடாதீங்கன்னு வராதவங்கள கண்டிக்கறதுக்கு எடுத்து வீசற வசனம். அதுக்கு முந்தின 24ஆம் வசனத்துல "ஒருவரையொருவர் கவனித்து"ன்னு இருக்கு. அந்த டீம்ல இருந்த சிஸ்டர் அத ரெண்டு தடவ மெதுவா வாசிச்சாங்க, வேற எதுவும் விளக்கம் குடுக்கல. கவனிக்கற கடமைய விட்டுட்டு கூடிவர்ற கடமைய மட்டும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம்.

டீம்ல மூத்தவரு, மெத்தடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச ஜான் வெஸ்லி காலத்து விஷயம் ஒண்ணு சொன்னாரு, அது எங்களுக்கு ரொம்ப உதவுச்சு. 1742ல இங்கிலாந்துல பிரிஸ்டல்ங்கற ஊர்ல ஆராதனை கட்டடத்து கடன எப்படி அடைக்கறதுன்னு பேசறப்ப, ஒரு கப்பல் கேப்டன் எழுந்து, ஒவ்வொருத்தரும் வாரம் ஒரு பென்னி குடுக்கட்டும், 12 பேருக்கு ஒருத்தர் பொறுப்பெடுத்து வசூல் பண்ணட்டும், ஏழையா இருந்து குடுக்க முடியாதவங்களுக்கு நான் போடறேன்னாரு. அப்படி வசூலுக்கு வீடு வீடா போனவங்கதான் உள்ள இருக்கற நிலைமைய பாத்துட்டு வந்து சொன்னாங்க, இவர் வீட்டுல சண்டை, இவர் குடியில விழுந்துட்டாருன்னு. நாம இவ்வளவு நாளா தேடினது இதுதான்னு வெஸ்லிக்கு அப்பதான் பிடிபட்டுது, கடன் வசூல் ஆத்தும விசாரிப்பா மாறிடுச்சு, மெத்தடிஸ்ட் வகுப்புக் கூட்டம் வந்தது அப்படித்தான். 12 பேர்ங்கற அளவுதான் இதுல விஷயம், ஒரு மனுஷன் வாரத்துக்கு ஒரு தடவ நிஜமா நினைச்சுப் பாக்கக்கூடிய அளவு அது. யாத்திராகமம் 18ல மாமனார் எத்திரோ மோசேகிட்ட நீர் செய்கிற காரியம் நல்லதல்லன்னு சொல்லி ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துன்னு பிரிக்கச் சொன்னதும் இதே கணக்குதான்.

இப்போ எங்ககிட்ட பதிவேடு ஒண்ணு இல்ல, பதினோரு சின்ன நோட்டு இருக்கு. ஒரு நோட்டுக்கு பன்னெண்டு பேருக்கு மேல இல்ல. ரெண்டு வாரம் ஒருத்தர் வரலன்னா நோட்டு வச்சிருக்கறவர் போய் பாக்கணும், ஏன் வரலன்னு கேக்காம எப்படி இருக்கீங்கன்னு கேக்கணும், இந்த வார்த்த வித்தியாசத்த டீம் அழுத்தி சொன்னாங்க. பழைய செல் குரூப்புக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா, செல் குரூப்ல பாடம் முடிக்கணும்ங்கற அவசரம் இருந்துச்சு, இதுல பாடமே இல்ல.

சபைய விட்டுப் போனவங்களையும் போய் பாத்தாங்க. மூணு வருஷத்துல போன குடும்பங்களோட லிஸ்ட் கேட்டு, ஒன்பது வீட்டுக்கு போனாங்க, திரும்ப வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்கறது அவங்க தீர்மானம். ஏழு வீடு கதவ திறந்தாங்க. உபதேசம் பிடிக்காம போனவங்க ஒரே ஒரு குடும்பம்தான். மத்தவங்க எல்லாம் யாரோ ஏதோ சொன்னது காதுக்கு வந்து, அது உண்மையான்னு கேக்க ஆள் இல்லாம போனவங்க. அதாவது புறங்கூறுதல். நம்மல்லாம் குடி, விபசாரம்னா பிரசங்கத்துல இடிமுழக்கமா பேசுவோம், இத மட்டும் "ஜெபக் குறிப்பு"ன்னு பேர் வச்சு நடத்திடுவோம், "அந்த சகோதரனுக்காக ஜெபிச்சுக்கோங்க, என்ன விஷயம்னா"ன்னு ஆரம்பிக்கும்.

ஹிட்லர எதிர்த்த ஜெர்மன் போதகர் போன்ஹோபர் 1935ல இருந்து 1937 வரைக்கும் ஃபிங்கன்வால்டேல நடத்தின போதகர் பயிற்சிப் பள்ளில ஒரு விதி இருந்துச்சாம், இல்லாத சகோதரனப் பத்தி பேசக் கூடாது, தவறிப் பேசிட்டா அவர்கிட்டயே போய் சொல்லிடணும். 1937ல ஹிட்லரோட ரகசிய போலீஸ் கெஸ்டாப்போ வந்து பள்ளிய மூடிட்டாங்க, ஆனா அங்க இருந்தவங்க பின்னால நினைச்சுப் பாத்தப்ப பிரசங்க வகுப்புல கத்துக்கிட்ட அளவு இந்த விதிய காப்பாத்தப் போய், திரும்பத் திரும்ப தோத்து, அதுல இருந்தும் கத்துக்கிட்டோம்னு சொல்லியிருக்காங்க. இத எங்க வாலிபர்கள் பிடிச்சுக்கிட்டாங்க, மூணு மாசம் முயற்சி பண்ணிப் பாக்கறோம்னு. முதல் வாரமே பாடகர் குழுல ஒரு பையன் இன்னொருத்தன்கிட்ட போய், நான் உன்னப் பத்தி இப்படிச் சொல்லிட்டேன்னு சொன்னான், ரெண்டு பேரும் ஒரு மாசம் பேசல, அப்பறம் பேசினாங்க, இப்போ ரெண்டு பேரும் ஒரே நோட்டுக்கு பொறுப்பு. சுலபமா நடந்துச்சுன்னு நான் சொல்ல வரல.

இங்க ஒரு விஷயத்த கட்டாயம் சொல்லணும். மத்தேயு 18:15ல அவனிடத்தில் போய், தனித்திருக்கையில் பேசுன்னு இருக்கறத எல்லா இடத்துலயும் பொருத்தக் கூடாதுன்னு அந்த சிஸ்டர் தெளிவா சொன்னாங்க. ஒரு பிள்ளைக்கோ பெண்ணுக்கோ பாலியல் ரீதியா, இல்ல அடி உதை ரீதியா கொடுமை நடந்திருந்தா, பாதிக்கப்பட்டவங்கள போய் அந்த ஆள்கிட்ட தனியா பேசுன்னு அனுப்பறது இன்னொரு கொடுமை, அது குற்றம், சட்டத்துகிட்ட போகணும், சபை மூப்பர்கள் உக்காந்து சமாதானம் பண்ணி முடிக்கற காரியம் கிடையாது. சபை பேர் கெட்டுடும்னு மறைக்கறதுல எத்தன பிள்ளைங்க வாழ்க்க நாசமாகியிருக்கு. எங்களுக்கு இதுக்குன்னு எழுத்துல ஒரு கொள்கையே இல்லாம இருந்துச்சு, அவங்க சொன்னப்பறம்தான் எழுதினோம், பிள்ளைங்களோட எந்த பெரியவரும் மூடின அறைல தனியா இருக்கக் கூடாதுங்கறதுல இருந்து ஆரம்பிச்சு. இந்த ஒண்ணுக்காகவே அவங்களுக்கு நன்றி சொல்லணும்.

பாஸ்டர் விஷயம். அவருக்கு தனியா மூணு மணி நேரம் குடுத்தாங்க, என்ன பேசினாங்கன்னு எனக்கு தெரியாது, தெரியவும் கூடாது. அறிக்கை வாசிக்கறப்ப அவர் அனுமதியோட ஒண்ணு சொன்னாங்க, பதினாலு மாசமா அவர் ஒரு நாள் கூட முழுசா ஓய்வு எடுக்கல. சபைல ஒரு சத்தம் இல்ல. எலியா சூரைச்செடிக்கு கீழ போய் சாகணும்னு படுத்தப்ப தேவன் முதல்ல பிரசங்கம் பண்ணல, தூங்க விட்டாரு, தூதன அனுப்பி சாப்பிட வச்சாரு, திரும்பவும் தூங்க விட்டாரு, பேச்சு எல்லாம் அதுக்கப்பறம்தான், 1 இராஜாக்கள் 19ல இருக்கு. மேய்ப்பனுக்கு மேய்ப்பன் யாருன்னு நாங்க ஒரு தடவ கூட யோசிச்சதில்ல. இப்போ வாரத்துல ஒரு நாள் அவர் போன கமிட்டில ஒருத்தர் வச்சுக்கறாரு, ஆஸ்பத்திரி, மரணம்னா மட்டும்தான் அவருக்கு செய்தி போகும். வேற சபை போதகர் ஒருத்தர மாசா மாசம் போய் பாத்து மனசு விட்டுப் பேசிட்டு வர்றாரு. பிரசங்கம் மாறியிருக்கு, முன்ன விட சின்னதா, ஆனா உள்ள போகுது.

சாட்சி நேரத்தப் பத்தி அவங்க சொன்னத முதல்ல நான் ஏத்துக்கல. உங்க சபைல ஜெயிச்சவங்க மட்டும்தான் மைக் பிடிக்கறாங்கன்னாங்க. வியாதி சுகமானவங்க, வேல கிடைச்சவங்க, கடன் தீர்ந்தவங்க. சுகமாகாதவங்க கை தட்டிட்டு வீட்டுக்கு போவாங்க, எனக்கு விசுவாசம் பத்தல போலன்னு நினைச்சுக்கிட்டே. மொத்தம் இருக்கற 150 சங்கீதத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு புலம்பல்தான், எதுவரைக்கும் கர்த்தாவேன்னு கேக்கறதுதான், 88ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருட்டுலயேதான் முடியுது, அதையும் ஆராதனைப் புத்தகத்துல வச்சிருக்காரு தேவன். இப்போ மாசத்துல ஒரு ஞாயிறு, இன்னும் முடிவு வராத விஷயத்த சொல்ல இடம் குடுக்கறோம். குழந்தை இல்லாத ஒரு தம்பதி எழுந்து நின்னு, "இன்னும் இல்ல, ஆனா வந்துட்டுத்தான் இருக்கோம்"னு சொல்லிட்டு உக்காந்தாங்க. அன்னைக்கு ஆராதனை முடிஞ்சும் ஜனங்க எழுந்து போகல.

கணக்கு வழக்குல பெரிய பிரச்சனை எங்களுக்கு இல்ல, அதனால சுருக்கமா சொல்றேன். காணிக்கைய ஒருத்தரா எண்ணாதீங்க, வருஷக் கணக்க சுவத்துல ஒட்டுங்க, 2 கொரிந்தியர் 8ல பவுலே பணத்த தனியா கொண்டு போகாம கூட ஆள் வச்சுக்கிட்டாரு, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமா இருக்கணும்னு. ஆனா அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்த வச்சு அவங்க காட்டினது எனக்கு புதுசு. கிரேக்க பாஷை பேசற விதவைகள விசாரிக்காம விட்டுட்டாங்கன்னு ஆதி சபைல முறுமுறுப்பு வந்தப்ப, அத கவனிக்கறதுக்கு தெரிஞ்செடுத்த ஏழு பேரோட பேர பாருங்க, ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா, ஏழும் கிரேக்கப் பேர். குறை சொன்ன பக்கத்து ஆளுங்க கையிலயே பொறுப்ப குடுத்திருக்காங்கன்னு தெரியுது. நாங்க என்ன பண்ணுவோம், குறை சொன்னவர கமிட்டில இருந்து எடுத்துடுவோம். அடுத்த தேர்தல்ல அந்த மூணாவது வரிசை அம்மாவ விசாரிப்பு ஊழியத்துக்கு பொறுப்பா கேட்டோம், ஒத்துக்கிட்டாங்க. துக்க வீட்டுக்கு அடக்கம் முடிஞ்சு ரெண்டாவது வாரம், அஞ்சாவது வாரம், மூணாவது மாசம்னு அவங்களே ஒரு முறை போட்டு வச்சிருக்காங்க. அஞ்சாவது வாரம் எதுக்குன்னு கேட்டேன், அப்பதான் மத்தவங்க எல்லாம் மறந்திருப்பாங்கன்னாங்க.

அறிக்கை வாசிச்ச கூட்டம் மூணு மணி நேரம் போச்சு. வரைபடம் நிறைய, பாதி பேருக்கு புரியல, அத குறைச்சிருக்கலாம். ஆனா முடிவுல புதுசா எதையும் ஆரம்பிக்கச் சொல்லல, ஏதாவது ரெண்ட நிறுத்துங்கன்னு சொன்னாங்க. 2007ல அமெரிக்காவுல வில்லோ க்ரீக்ங்கற பெரிய சபை தன்னோட சொந்த ஆய்வ வெளிய விட்டப்ப, சபை நிகழ்ச்சிகள்ல அதிகமா கலந்துக்கறதால மட்டும் ஒருத்தர் தேவன்மேலயும் மனுஷர்மேலயும் இருக்கற அன்புல வளர்ந்துடறதில்லன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. நிகழ்ச்சி நடத்தறதுல அவ்வளவு பேர் வாங்கின சபையே அப்படிச் சொன்னப்ப நாங்க எம்மாத்திரம். வாரத்து மூணு கூட்டத்துல ஒண்ண நிறுத்தினோம், அந்த சாயங்காலம் நோட்டு வச்சிருக்கறவங்க வீடு சந்திக்க போறாங்க. நிறுத்தினதுக்கு எதிர்ப்பு இருந்துச்சு, ரெண்டு குடும்பம் இன்னும் வருத்தத்துல இருக்காங்க, இது பின்மாற்றம், அதாவது விசுவாசத்துல பின்வாங்கறதுன்னு கூட ஒருத்தர் சொன்னாரு. அவங்க பக்கமும் போய் உக்காந்து கேட்டோம், இன்னும் கேட்டுக்கிட்டுதான் இருக்கோம்.

இப்போ 1 மார்க் ஏன் குறைச்சேன்னு சொல்லிடறேன். படிவத்தப் பத்தி சொல்லிட்டேன். ஒரு வருஷம் மாசா மாசம் போன்ல பேசுவோம்னு சொன்னாங்க, அதுல ரெண்டு மாசம் கூப்பிடவே இல்ல, நாலாவது மாசத்துல இருந்து வேற ஆள் பேசினாரு, அவருக்கு எங்க கதை எதுவும் தெரியல, முதல்ல இருந்து சொல்ல வேண்டி வந்துச்சு. ஒருத்தர் காணாம போனா கவனிக்கணும்னு எங்களுக்கு கத்துக் குடுத்தவங்ககிட்ட இருந்து இது வந்தப்ப மனசு வலிச்சுது, அத அவங்ககிட்டயே நேரா சொன்னோம், மூத்தவரு மன்னிப்பு கேட்டு மிச்ச மாசம் எல்லாம் அவரே பேசினாரு. இன்னொரு குறை, பிள்ளைங்கள யாரும் கேக்கல. 12 வயசுக்கு கீழ இருக்கறவங்களுக்கு படிவமும் இல்ல, வட்டமும் இல்ல. சபைல யார் சிரிக்கறாங்க யார் முறைக்கறாங்க, யார் வீட்டுல போய் என்ன பேசறாங்கன்னு அவங்களுக்குத்தான் நல்லா தெரியும்.

யாருக்கு இது உதவும்னு கேட்டா, போதகரே மனசார கேக்கற சபைக்கு உதவும். கமிட்டி போதகர மடக்கறதுக்காகவோ, போதகர் கமிட்டிய மடக்கறதுக்காகவோ கூப்பிட்டா தயவு செஞ்சு வேண்டாம், அறிக்கை ஆயுதமாயிடும். பிளவு நடந்துக்கிட்டு இருக்கற சபைக்கும் இது ஆகாது, அதுக்கு சமரசம் பண்ணி வைக்கற அனுபவம் உள்ளவங்கதான் வேணும். எண்ணிக்கைய கூட்டித் தருவாங்கன்னு எதிர்பாத்தா ஏமாந்து போவீங்க, எங்களுக்கு இந்த ஒரு வருஷத்துல வருகை கொஞ்சம் குறைஞ்சுதான் இருக்கு, அதுல ஒரு பங்கு நான் இப்போ ஒழுங்கா எண்றதால. விட்டுப் போன ஏழு வீட்டுல ரெண்டு வீட்டுக்காரங்க திரும்ப வர்றாங்க, யாரும் கூப்பிடாம.

யாரையும் கூப்பிட வசதி இல்லாத சபையா இருந்தா, அந்த வட்டத்த மட்டுமாவது செஞ்சு பாருங்க. ஏழெட்டு பேர், போதகர் இல்லாம, பதில் சொல்லாம கேக்கறது. வேற சபைல இருந்து எல்லாரும் மதிக்கற ஒருத்தர் வந்து உக்காந்தா போதும். அதுக்கு முன்னாடி அந்த கையெழுத்து காகிதத்த மறக்காதீங்க.

அடுத்த மாசம் அவங்கள ஒரு நாளைக்கு திரும்ப கூப்பிட்டிருக்கோம். இந்த தடவ சண்டே ஸ்கூல் பிள்ளைங்களையும் கேக்கணும், அவங்க பெத்தவங்க சம்மதத்தோட, ரெண்டு டீச்சர் கூட இருக்கற மாதிரின்னு எழுதி அனுப்பியிருக்கேன், பதில் இன்னும் வரல. வந்து நடந்து முடிஞ்சதும் இந்த ரிவ்யூலயே கீழ சேக்கறேன்.